ஒரே காயினுக்கு மூன்று ஜோடிகள்: எதில் வாங்குவது?

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். வயது 29. இரண்டு வருடமாக 80,000 ரூபாயை கிரிப்டோவில் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஈதர், சொலானா போன்ற காயின்களை ரூபாய், யுஎஸ்டிடி (ஒரு டாலர் விலையில் நிற்கும் காயின்), பிட்காயின் என்று மூன்று ஜோடிகளிலும், அதாவது இந்த மூன்றில் எதைக் கொடுத்தும், வாங்கலாம் என்று ஆப் காட்டுகிறது. ரூபாய் ஜோடி கத்துக்குட்டிகளுக்கு, விவரம் தெரிந்தவர்கள் யுஎஸ்டிடி ஜோடியில்தான் செய்வார்கள், பிட்காயினைப் பெருக்க வேண்டுமானால் பிட்காயின் ஜோடிக்கு வா என்கிறார் எங்கள் டெலிகிராம் குழுவில் ஒரு அண்ணன். எதைத் தேர்ந்தெடுப்பது? இன்னொரு சந்தேகம். போன நிதியாண்டில் சில டிரேடுகளில் 41,000 ரூபாய் லாபம், சிலவற்றில் 35,000 நஷ்டம். கையில் நின்றது 6,000. வரி கணக்குப் போட்டால் 12,792 வருகிறது. எங்கோ தப்பாகப் போட்டுவிட்டேனா? கையில் இப்போது 340 யுஎஸ்டிடியும் கொஞ்சம் பிட்காயினும் இருக்கின்றன. டிரேட் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, நீங்கள் தப்பாகப் போடவில்லை. 12,792 சரியான தொகைதான். 6,000 சம்பாதிக்க 12,792 வரி கட்டுவது எப்படி நியாயம் என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இருபது வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். மாதச் சம்பளக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்து இந்த எண்ணைப் பார்க்கும்போது அவர் முகம் மாறுவதை ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கிறேன். இது நடந்ததற்கு விலை ஏற்ற இறக்கம் மட்டும் காரணமல்ல. நீங்கள் எந்த ஜோடியில் வாங்கி விற்றீர்கள் என்பதற்கும் அதில் பங்கு உண்டு. அதனால் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். எந்தக் காயின் ஏறும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது என் வேலையல்ல.

முதலில் சட்டம். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு டிரேடில் வந்த நஷ்டத்தை இன்னொரு டிரேடின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஐடிஆர் என்ற வருமான வரிக் கணக்குப் படிவத்தில் கிரிப்டோவுக்கென்று உள்ள அட்டவணையில் நஷ்டம் வந்த இடத்தில் பூஜ்யம் போடு என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அதனால்தான் 41,000-க்கு முழுசாக 31.2 சதவீதம், உங்கள் 35,000 அங்கே கண்ணிலேயே படவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். இதை உங்கள் டெலிகிராம் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். யுஎஸ்டிடி-யை நாமெல்லாம் டாலர் என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது டாலர் இல்லை. பிட்காயின் போல, சொலானா போல அதுவும் ஒரு காயின்தான். ஆக யுஎஸ்டிடி கொடுத்து சொலானா வாங்கும்போது நீங்கள் ஒன்றை வாங்கவும் செய்கிறீர்கள், இன்னொன்றை விற்கவும் செய்கிறீர்கள். ரூபாய் ஜோடியில் வாங்கி விற்றால் வரிக்கணக்கில் ஒரே ஒரு விற்பனை. அதையே யுஎஸ்டிடி வழியாகச் சுற்றினால் மூன்று: யுஎஸ்டிடி-யைக் கொடுத்து சொலானா வாங்கியது, சொலானாவைக் கொடுத்து யுஎஸ்டிடி வாங்கியது, கடைசியில் யுஎஸ்டிடி-யை ரூபாயாக்கியது.

மூன்றாகப் பிரிந்தால் என்ன? மொத்தம் ஒன்றுதானே என்று தோன்றும். நஷ்டத்தைக் கழிக்க அனுமதி இருந்தால் ஒன்றுதான். இங்கே அனுமதி இல்லை, அதனால் பிரியப் பிரிய நமக்குத்தான் அடி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். யுஎஸ்டிடி 90 ரூபாய்க்கு விற்கும் நாளில் 1,000 வாங்குகிறீர்கள், 90,000 ரூபாய் போகிறது. அதை அப்படியே கொடுத்து ஒரு காயின் வாங்குகிறீர்கள். காயின் 3 சதவீதம் ஏறுகிறது, விற்று 1,030 யுஎஸ்டிடி எடுக்கிறீர்கள். அன்றும் யுஎஸ்டிடி 90 ரூபாய்தான். ஆக காயினில் லாபம் 2,700 ரூபாய், வரி 842 ரூபாய். நான்கு நாள் கழித்து ரூபாயாக்கப் போகும்போது யுஎஸ்டிடி 88-க்கு இறங்கியிருக்கிறது. கைக்கு வருவது 90,640. உண்மையில் நீங்கள் பார்த்த லாபம் 640 ரூபாய். யுஎஸ்டிடி இறங்கியதால் வந்த 2,060 ரூபாய் நஷ்டம் கழியாது. 640 சம்பாதித்து 842 வரி. எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தையும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கு உங்களுக்கு அந்நியமே இல்லை. பையரிடம் பீஸ் விலையை டாலரில் பேசுகிறீர்கள். நூல், சாயம், தையல் கூலி எல்லாம் ரூபாயில் போகிறது. ஆர்டர் பிடித்த அன்று இருந்த டாலர் விலை பணம் வந்துசேரும் நாளில் இல்லையென்றால் பீஸுக்கு வைத்த லாபம் கரைந்துபோகும். உங்கள் முதலாளிக்காவது அந்த டாலர் நஷ்டம் அதே தொழில் கணக்கில் கழிந்துவிடும். உங்கள் கிரிப்டோ கணக்கில் கழியாது. நீங்கள் அனுப்பிய பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். 35,000 நஷ்டத்தில் ஏறத்தாழ 9,000 ரூபாய் எந்தக் காயினிலும் வந்ததல்ல, யுஎஸ்டிடி-யை ரூபாயாக்கிய வரிகளில் வந்தது. அதே டிரேடுகளை அதே விலையில் ரூபாய் ஜோடியில் செய்திருந்தால் அந்த 9,000 காயின் லாபத்துக்குள்ளேயே கரைந்திருக்கும். வரியில் 2,808 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

யுஎஸ்டிடி ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்பீர்கள். இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் அதன் ரூபாய் விலை பெரும்பாலும் வங்கியின் டாலர் விலையைவிடச் சில ரூபாய் கூடுதலாகவே இருக்கும். வாங்க ஆள் அதிகமானால் அந்தக் கூடுதல் ஏறும், குறைந்தால் இறங்கும். ரூபாய் ஜோடிக்குப் போனால் இதிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிட்காயினின் ரூபாய் விலைக்குள்ளும் அதே கூடுதல் ஒளிந்திருக்கிறது. யுஎஸ்டிடி விலைப்பலகையில் உள்ள எண்ணை வங்கியின் டாலர் விலையால் பெருக்கி, ரூபாய் பலகையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், தெரியும். வித்தியாசம் என்னவென்றால், ரூபாய் ஜோடியில் காயினின் அசைவும் இந்தக் கூடுதலின் அசைவும் ஒரே எண்ணாகி வருகின்றன. ஏறினால் சேர்ந்து லாபம், இறங்கினால் தானாகக் கழிந்துவிடுகிறது. சட்டம் தராத கழிவை ஜோடியே தருகிறது.

டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி) கதையும் இதேதான். 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் பிடிக்கிறார்கள். ரூபாய் ஜோடியில் விற்பவரிடம் மட்டும்தான் பிடித்தம். காயினுக்குக் காயின் என்றால் இரு பக்கமும் விற்பனையாளர்கள் என்று வரித்துறையே விளக்கம் கொடுத்திருக்கிறது. அதனால் வாங்கும்போதும் 1 சதவீதம், விற்கும்போதும் 1 சதவீதம். விலை இம்மி அசையவில்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் 80,000-ஐப் பத்து முறை வாங்கி விற்றால், ரூபாய் ஜோடியில் கையில் நிற்பது சுமார் 72,350. யுஎஸ்டிடி-யிலேயே சுற்றினால் சுமார் 65,430, அதுவும் இன்னும் ரூபாயாக மாறாமல். இந்தப் பணம் போனது போனதல்ல. ஐடிஆர் போட்டால் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்ப வரும். ஆனால் அதுவரை உங்கள் முதல் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். சின்ன முதலுக்கு இது பெரிய பாரம்.

இவ்வளவு சொல்லியும், எல்லாவற்றையும் ரூபாய் ஜோடியிலேயே வாங்குங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். டிடிஎஸ் திரும்ப வரும். ஸ்பிரெட்டில், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில், விட்ட காசு திரும்பவே வராது. வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் விலைப் பட்டியலான ஆர்டர் புக்கைத் திறந்து, வாங்குபவர் தரும் அதிகபட்ச விலையையும் விற்பவர் கேட்கும் குறைந்தபட்ச விலையையும் பாருங்கள். ஒரு சின்னக் காயினின் ரூபாய் ஜோடியில் விற்பவர் 12.40 கேட்கிறார், வாங்குபவர் 12.05-க்கு நிற்கிறார் என்றால் இடைவெளி 35 காசு. வாங்கிய நிமிடமே விற்றாலும் கிட்டத்தட்ட 2.8 சதவீதம் காலி. அந்த விலையில் எவ்வளவு சரக்கு நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் வரியில் 3,000 ரூபாய்க்குத்தான் காயின் இருக்கிறது, நீங்கள் 40,000-க்கு மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு வாங்கும் ஆர்டர்) போடுகிறீர்கள் என்றால், உங்கள் ஆர்டர் அடுத்தடுத்த வரிகளைத் தின்றுகொண்டே மேலே ஏறிவிடும். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் அளவு இது: இப்போதைய விலையிலிருந்து 1 சதவீத தூரத்துக்குள் நிற்கும் சரக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி ஒரே ஆர்டரில் கேட்காதீர்கள். எதுவானாலும் விலையை நீங்களே குறிப்பிடும் லிமிட் ஆர்டர்தான்.

சில ஆப்களில் ஆர்டர் புக்கே இருக்காது. வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை என்று அவர்களே காட்டுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே உங்கள் ஸ்பிரெட். கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாமல் அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள்.

24 மணி நேர வால்யூம் (வாங்கி விற்ற மொத்த அளவு) என்று பெரிதாகக் காட்டும் எண்ணை வைத்து ஜோடியை எடைபோட வேண்டாம். தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று அந்த எண்ணை ஊத வைப்பது இந்தத் துறையில் பழைய பழக்கம். 2019 மார்ச்சில் பிட்வைஸ் என்ற அமெரிக்க நிறுவனம், உலகளவில் சொல்லப்படும் பிட்காயின் வால்யூமில் 95 சதவீதம் போலி என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்திடமே அறிக்கை கொடுத்தது. ஆர்டர் புக்கைப் பத்து நிமிடம் நேரில் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த வால்யூம் எண்ணும் சொல்லாததைச் சொல்லிவிடும். காலையில் ஒருமுறை பாருங்கள், இரவு பத்து மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

பிட்காயின், ஈதர் போன்ற பெரிய காயின்களுக்கு நல்ல இந்திய எக்ஸ்சேஞ்சுகளின் ரூபாய் ஜோடியிலேயே உங்கள் தொகைக்குப் போதுமான ஆழம், அதாவது சரக்கு, இருக்கும். ரூபாயில் ஆழமில்லாத காயினை யுஎஸ்டிடி-யில் வாங்குவது கணக்குப்படி சரியாக வரக்கூடும். ஆனால் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ரூபாயில் வெளியே வர வழியில்லாத காயின் 80,000 ரூபாய் முதல் உள்ள ஒருவருக்குத் தேவையே இல்லை.

இப்போது பிட்காயின் ஜோடி. இதில் நீங்கள் பந்தயம் கட்டுவது ஈதர் ஏறுமா என்பதில் அல்ல, பிட்காயினைவிட வேகமாக ஏறுமா என்பதில். 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வருடத் தொடக்கத்தில் பிட்காயின் சுமார் 42,000 டாலர், ஈதர் சுமார் 2,300. வருடக் கடைசியில் பிட்காயின் சுமார் 93,000, ஈதர் சுமார் 3,300. ஈதர் டாலர் கணக்கில் 43 சதவீதம் ஏறியிருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் 0.1 பிட்காயினைக் கொடுத்து ஈதர் வாங்கி, கடைசியில் திரும்ப பிட்காயினாக மாற்றியிருந்தால் கையில் வருவது 0.065-தான். பிட்காயினைப் பெருக்கப் போனவரிடம் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வரித்துறைக்கோ அதே டிரேடில் 1,800 டாலருக்கு மேல் லாபம் தெரியும், அதற்கு 31.2 சதவீதம் கேட்கும். போதாததற்கு, முதலில் பிட்காயினைக் கொடுத்தாரே, அன்றைக்கு அதில் லாபம் இருந்தால் அதற்கும் தனியாக வரி உண்டு. ஒரு பைசா ரூபாயாகக் கைக்கு வராமலே வரி கட்ட வேண்டிய நிலை இது. அதைக் கட்டுவதற்காகவே மறுபடி விற்றவர்களை எனக்குத் தெரியும்.

வருமான வரி அடுக்குகள் வேறு மாதிரி உள்ள நாட்டில், நஷ்டத்தைக் கழிக்க முடிகிற நாட்டில் உட்கார்ந்து ஒருவர் பிட்காயின் ஜோடியைப் புகழ்ந்தால் அவர் சொல்வதில் பொருள் இருக்கலாம். உங்கள் அண்ணன் அப்படிப்பட்ட வீடியோ எதையாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம், கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் திருப்பூரில் வரி கட்டுகிறீர்கள். உங்களிடம் உள்ள கொஞ்சம் பிட்காயினை இருக்கிற இடத்திலேயே விடுங்கள்.

ஜோடியின் மறுபாதி ஆடாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2022 மே மாதம் டெர்ராவின் யுஎஸ்டி (UST) என்ற, டாலர் விலையில் நிற்க வேண்டிய காயின் ஒரு டாலரிலிருந்து நழுவி சில நாட்களில் குப்பையானது. அதே வகையில் நல்ல பெயருள்ள யுஎஸ்டிசி கூட, அதன் இருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்ட செய்தி வந்ததும், 2023 மார்ச்சில் 90 சென்ட்டுக்குக் கீழே போய்த்தான் திரும்பி வந்தது. இரண்டு டிரேடுக்கு நடுவே ஒரு மணி நேரம் யுஎஸ்டிடி-யில் நிற்பது வேறு, சேமிப்பையே அதில் வைத்திருப்பது வேறு. எக்ஸ்சேஞ்சில் விட்டுவைப்பதும் அப்படித்தான். 2024 ஜூலை 18 அன்று வஸீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. அதில் ரூபாய் ஜோடிகள் நிறையவே இருந்தன. பணம் எடுப்பது நின்றபோது எந்த ஜோடியும் யாருக்கும் உதவவில்லை.

காயினை வாங்காமலே அதன் விலைமேல் பந்தயம் கட்டும் ஃபியூச்சர்ஸுக்கு 1 சதவீதப் பிடித்தம் கிடையாது என்று ஆப்கள் ஆசை காட்டும். 10 மடங்கு கடனில் நின்றால் விலை 10 சதவீதம் எதிர்ப்பக்கம் போனதும் முதல் முழுசாகக் காலி. கிரிப்டோவில் அது ஒரு ராத்திரிக்குள் நடக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கடைசியாக அந்த 340 யுஎஸ்டிடி. இதை ரூபாயாக்கப் போகும்போது ஆர்டர் புக்கைவிட இரண்டு ரூபாய் கூடத் தருகிறேன் என்று பி2பி-யிலோ (ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பது) அந்த டெலிகிராம் குழுவிலோ யாராவது வருவார்கள். கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படித்தான் விற்றான். அவனுக்குப் பணம் அனுப்பிய கணக்கு வேறு மாநிலத்தில் ஒரு சைபர் மோசடியில் சம்பந்தப்பட்டது. அங்கிருந்து போலீஸ் கடிதம் வந்தது, இவன் சம்பளக் கணக்கு ஐந்து மாதம் முடங்கியது. வீட்டு வாடகைக்கு அப்பாவிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. உங்களுக்கு அந்த இரண்டு ரூபாயில் கிடைக்கப்போவது 680 ரூபாய். நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சின் ஆர்டர் புக்கிலேயே, லிமிட் ஆர்டர் போட்டு, இரண்டு மூன்று தவணையாக விற்றுவிடுங்கள். நஷ்டத்தில் போனாலும் போகட்டும், அந்த விற்பனையைப் பட்டியலில் விடாமல் எழுதுங்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் தரும் டிடிஎஸ் அறிக்கையையும், வரித்துறை தளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கும் டிடிஎஸ் தொகையையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். உங்கள் பட்டியலில் போன நவம்பர் மாதத்து நான்கு வரிகளில் பிடித்தமே காணோம். அது எந்த எக்ஸ்சேஞ்சில் செய்தது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள், ஐடிஆர் போடுவதற்கு முன் அதைத் தீர்த்துவிட வேண்டும்.